கார் டயர் எவ்வளவு ஓடும்: எங்கள் வீட்டு இரண்டு கார்களின் கணக்கு

கரூரில் எந்த டயர் கடைக்குப் போய்க் கேட்டாலும் "நாப்பது ஓடுமுங்க, நல்லா வச்சுக்கிட்டா அம்பது" என்பதுதான் பதில். நாப்பது என்றால் 40,000 கிலோமீட்டர். பொய்க் கணக்கில்லை. நம்மூர் ரோட்டில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களுக்கும் செடான்களுக்கும் டயர் மாற்றும் வேளை அந்த இடைவெளியில்தான் வருகிறது. ஆனால் 25,000-லேயே மொட்டையான டயரோடு கடைக்கு வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள், 65,000 தாண்டி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருடைய டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவாகக்கூட இருக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு கார். ஒன்று நான் ஓட்டும் பெட்ரோல் செடான். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியில் இருப்பதால் கோயம்புத்தூர், சேலம், தூத்துக்குடி என்று வண்டிக்கு ஓய்வே கிடையாது. இன்னொன்று அப்பாவின் சின்ன கார். அரவக்குறிச்சி பக்கம் எங்கள் ஊரில் தகரக் கொட்டகையில் நிற்கும். சந்தைக்கு ஒரு நாள், டாக்டரிடம் ஒரு நாள், கல்யாணம் காட்சி வந்தால் ஒரு நாள். என் கார் டயர் மூன்று வருடத்தில் 50,000-ஐத் தொட்டுத் தேய்ந்து போனது. அப்பாவின் கார் டயர் 20,000 கூட ஓடாமல், பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர்க் கட்டைகள், நிறைய மிச்சம் இருக்கும்போதே கழற்றிப் போடும்படி ஆனது. இரண்டையும் பார்த்த பிறகு, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்று யாரிடமும் கேட்பதை விட்டுவிட்டேன். அளந்து பார்க்கிறேன்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. புது கார் டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ. சுமார் இருக்கும், சிலவற்றில் 7. சட்டப்படி 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் கார் டயர் ரோட்டில் ஓடக் கூடாது. பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் உயரம் அந்த 1.6 மி.மீ.தான். டயரின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணமோ, 'டிடபிள்யூஐ' (TWI) என்ற எழுத்தோ அந்த மேடு இருக்கும் இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. ஆழம் அளக்கும் கருவி ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆயில் மாற்றும் சமயத்தில் நான்கு டயரையும் அளந்து கிலோமீட்டரோடு போனில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

கணக்கு இப்படிப் போகும். புதிதில் 8 மி.மீ. இருந்த டயர், 20,000 கி.மீ. ஓடிய பிறகு 5.5 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனது 2.5, அதாவது ஒரு மி.மீ.க்கு 8,000 கி.மீ. நான் 3 மி.மீ.யில் மாற்றிவிடுவேன். அப்படியென்றால் இன்னும் 2.5 மிச்சம், இன்னும் 20,000 ஓடும், மொத்தம் 40,000. கடைசி மேடு வரை தேய்த்துத்தான் தீருவேன் என்றால் 51,000 வரும். கடைக்காரர் சொல்லும் நாப்பதும் அம்பதும் இதற்குள்ளேயே இருக்கின்றன. உங்கள் காரின் எண் வேறாக இருக்கும். நீங்கள் ஓட்டும் ரோடும், ஓட்டும் விதமும், ஏற்றும் பாரமும் எல்லாம் சேர்ந்து அந்த ஒரே எண்ணில் வந்து உட்கார்ந்துவிடும்.

3 மி.மீ.யிலேயே ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திண்டுக்கல் ரோட்டில் 90-ல் போய்க்கொண்டிருக்கும்போது தேங்கிய தண்ணீரில் சக்கரம் ஏறினால் பதில் தெரிந்துவிடும். பட்டன் பள்ளத்தின் வேலையே தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது. ஆழம் குறையக் குறைய டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிப் போகும். காய்ந்த ரோட்டில் தேய்ந்த டயரும் நன்றாகத்தான் பிடிக்கும், அதுதான் ஆளை ஏமாற்றுவது. டயர் மாற்ற வேண்டியிருந்தால் புரட்டாசிக்குள் மாற்றிவிடுங்கள்.

அளக்கும்போது ஒரே இடத்தில் அளந்தால் போதாது. உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். நாம் நின்றுகொண்டு பார்க்கையில் தெரிவது வெளி ஓரம் மட்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் உள் ஓரத்தின் கதி தெரியும்.

என் காரின் முன்பக்க இடது டயர் அப்படித்தான் மாட்டியது. சஸ்பென்ஷனில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் அமைப்பில், லோயர் ஆர்ம் புஷ் போய்விட்டது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினார்கள். வேலை சுத்தம், சத்தம் நின்றுவிட்டது. ஆனால் சஸ்பென்ஷனில் கை வைத்தால் அடுத்ததாக வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று, பார்க்க வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. வண்டி நேராகத்தான் போனது, ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. சில மாதம் கழித்து முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட வெங்கமேடு பக்கம் வழக்கமான கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் பல காலம் பஸ், லாரி டயர் பார்த்தவர். ஜாக்கியை எடுக்கும் முன்பே குனிந்து அந்த டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு, உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவு தடவினார்.

"தம்பி, நீங்களே கை வச்சுப் பாருங்க. அலைன்மென்ட் போன வண்டிங்க இது."

தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாகப் போனால் வழவழவென்று இருந்தது. திருப்பித் தடவினால் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் விரலில் இடறியது. மீனை வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் குத்துமே, அதே மாதிரி. கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. ஆழம் அளந்தபோது வெளி ஓரத்தைவிட உள் ஓரம் 2 மி.மீ. குறைவு.

சக்கரம் போகும் திசைக்கு நேராக இல்லாமல் முன்முனை உள்ளே மடிந்தோ வெளியே விரிந்தோ இருந்தால் இப்படி ஆகும். டோ என்பார்கள். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்து மலைத்துப் போனேன். 185/65 ஆர்15 டயரின் விட்டம் 62 செ.மீ. சொச்சம். அதன் முன்முனைக்கும் பின்முனைக்கும் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால், அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும்போது கிட்டத்தட்ட 5 மீட்டர் பக்கவாட்டில் தரையோடு தேய்த்து இழுக்கப்படுகிறது. கரூரிலிருந்து கோயம்புத்தூர் போய் வந்தால் அந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டிலேயே அரைபட்டிருக்கும். இரண்டு முன் சக்கரமும் ஒரே அளவு விரிந்திருந்தால் ஒன்றின் இழுப்பை இன்னொன்று சரிக்கட்டிவிடும், வண்டியும் நேராகவே போகும். அதனால் "இழுக்கலையே, அலைன்மென்ட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள். அலைன்மென்ட் பார்க்க எங்கள் ஊரில் 400, 500 ரூபாய் ஆகிறது. டயர் ஒன்று 5,000-லிருந்து 7,000.

அந்த அண்ணனிடம் கற்றுக்கொண்டதில் மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். நடு மட்டும் தேய்ந்து ஓரம் இரண்டும் நன்றாக இருந்தால் காற்று அதிகம். ஓரம் இரண்டும் தேய்ந்து நடு நின்றால் காற்று குறைவு. ஒரே ஓரம், ஆனால் கை தடவினால் இடறாமல் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது, கேம்பர் பார்க்க வேண்டும். வட்டத்தைச் சுற்றி அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்க வாய்ப்பு அதிகம். சக்கரம் ரோட்டில் நிலையாக அழுந்தாமல் குதித்துக் குதித்துப் போவதால் வரும் தேய்மானம் அது. இந்த டயர் ஒரு வூம் சத்தம் போடும், பேரிங் போய்விட்டது என்று நினைத்து பேரிங் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். 80-லிருந்து 100-க்குள் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்ஸிங் பாருங்கள். ரிம்மில் ஒட்டியிருந்த சின்ன எடை எங்கேயாவது விழுந்திருக்கும்.

இதையெல்லாம்விட அதிகமாக டயரைத் தின்பது காற்றுதான். அதாவது, இல்லாத காற்று.

எங்கள் ஊர்ப் பக்கம் ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். வேலி வெட்டிப் போட்டால் முள் ரோட்டுக்கு வந்துவிடும். அது டயரில் ஏறி உள்ளேயே முறிந்து நின்றுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூப்லெஸ் டயர் என்பதால் உடனே இறங்காது, வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று மெல்லக் கசியும். ரேடியல் டயர் எப்போதுமே கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும் என்பதால் 33 இருக்கிறதா 26 இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. காலால் உதைத்துப் பார்ப்பவர்கள் எதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. முள்ளே ஏறாவிட்டாலும் நல்ல டயரிலிருந்தே மாதம் ஒரு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று குறையும். நான்கில் ஒன்று மட்டும் எப்போதும் மற்றதைவிடக் குறைவாகக் காட்டினால் முள்ளைத் தேடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் முட்டை விடும்.

சித்திரை, வைகாசி வந்தால் ஒரு அறிவுரை தவறாமல் கிடைக்கும்: "வெயிலுக்கு டயர் வெடிச்சிடும் சார், காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கங்க." தூத்துக்குடிக்கு வந்த ஆக்டிங் டிரைவர் ஒருவர் மதுரைக்கு முன்பு டீ குடிக்க நிறுத்திய இடத்தில், கேட்காமலேயே வால்வை அழுத்தி நான்கு டயரிலும் காற்றை இறக்க உட்கார்ந்துவிட்டார். நல்ல மனசுதான், ஆனால் செய்தது நேர் எதிரான காரியம்.

டயர் சூடாவது ரோட்டு வெயிலால் மட்டும் இல்லை. காற்று குறைவாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. என் கார் அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறைக்கு மேல் சுற்றும். 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14 முறை. நொடிக்கு 14 முறை மடங்கி நிமிரும் ரப்பர் உள்ளுக்குள்ளேயே கொதிக்கும். வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவற்றின் கதை காற்று குறைவிலோ, அதிகப் பாரத்திலோ, பழைய அடிபட்ட டயரிலோ தொடங்கி வேகத்தில் முடிவது. நெடுஞ்சாலையில் ஓடும்போது சூட்டில் நான்கு ஐந்து பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு, கார் கம்பெனி சொல்லும் எண் அதையும் சேர்த்து யோசித்துத்தான் தரப்படுகிறது. சூட்டில் ஏறியதை இறக்கிவிட்டால், வண்டி ஆறியதும் டயர் பட்டினி கிடக்கும்.

சரி, எவ்வளவு வைப்பது? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில காரில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். அதில் சாதாரணப் பாரத்துக்கு ஒரு எண், முழுப் பாரத்துக்கு ஒரு எண். அதுதான் நமக்கு. டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சபட்சம், அதைப் பார்த்துக் காற்று பிடிக்கக் கூடாது. டயர் ஆறியிருக்கும்போது, முடிந்தால் காலையில் வண்டி எடுக்கும் முன், பார்க்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பங்க் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடுவதால், மீட்டரோடு கூடிய சின்னக் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வீட்டிலேயே வைத்திருக்கிறேன். டயர் விஷயத்தில் நான் செலவழித்ததில் இதைவிட உருப்படியானது வேறில்லை. நைட்ரஜன் பற்றிக் கேட்பார்கள். சும்மா பிடித்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் பிடித்தாயிற்று என்று ஆறு மாதம் பார்க்காமல் விடுவதைவிட, சாதாரணக் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பது மேல்.

காற்று இறங்கிய டயரிலேயே ஓட்டினால் என்ன ஆகும் என்பதை மச்சானின் கார் டயரில் பார்த்தேன். பின் சக்கரம் இறங்கியது தெரியாமல் சில கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். பஞ்சர் கடையில் ஒட்டியும் கொடுத்துவிட்டார்கள், காற்றும் நின்றது. அண்ணன் அதை ரிம்மிலிருந்து கழற்றித் தலைகீழாகத் தட்டினார். உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. பக்கச்சுவரின் உட்புறத்தில் சுற்றிலும் ஒரு வளையம், ரப்பர் உரிந்து நூல் தெரிந்தது. வெளியே பட்டன் புதுசு மாதிரி இருந்தது, ஒரு கீறல் கிடையாது. "இதைப் போட்டு நூறுல போனீங்கன்னா பக்கவாட்டுல பிளந்துக்கும் மாப்பிள்ளை" என்று ஓரமாக வைத்துவிட்டார். ஓட்டையை அடைத்தால் காற்று நிற்கும், உள்ளே அறுந்த நூல் சேராது. பக்கச்சுவரில் ஏறிய ஆணிக்கும் இதே தீர்ப்புதான், அங்கே பஞ்சர் ஒட்டவே கூடாது. ரோட்டில் படும் பகுதியில் ஏறியதை அவசரத்துக்கு ரப்பர்க் குச்சி வைத்து அடைக்கலாம். ஊர் வந்து சேர்ந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் போட்டுவிடுவது நல்லது.

ஓட்டும் விதத்தைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில் பிரேக் போடுவது, சிக்னல் விழுந்ததும் பறப்பது, வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்புவது, இந்த மூன்றும் டயருக்கு ஆகாது. அதிலும் வளைவுதான் மோசம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய பிறகு முன் டயரின் வெளி ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், ரப்பர் சொரசொரவென்று சுருண்டிருக்கும். மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சின் பிடிமானத்தில் இறங்கினால் பிரேக்குக்கும் நல்லது, டயருக்கும் நல்லது. யாரும் கவனிக்காத ஒன்று, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்கைச் சுற்றுவது. பவர் ஸ்டியரிங் வந்த பிறகு கைக்கு வலிக்காததால் எல்லோரும் செய்கிறோம். சிமென்ட் தரையில் அப்படிச் சுற்றும் இடத்தில் கறுப்புப் பிறை விழுந்திருப்பதை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பார்க்கலாம், அவ்வளவும் டயரில் இருந்த ரப்பர். வண்டியைத் துளி நகர்த்திக்கொண்டே திருப்பினால் போதும்.

பாரமும் கணக்கில் வரும். டயர் பக்கத்தில் 88 ஹெச் என்று இருந்தால், அந்த 88 ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு, ஹெச் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரைக்கும் என்பதற்கானது. படுக்கை விரிப்பு சாம்பிள் கட்டுகளை டிக்கி நிறைய அடுக்கிக்கொண்டு நாலு பேர் ஏறும் நாளில் ஸ்டிக்கரின் இரண்டாவது எண்ணுக்குக் காற்று ஏற்றிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எலெக்ட்ரிக் கார் வாங்கியவர், பெட்ரோல் செலவு மிச்சமானதில் பாதியை டயர் கேட்கிறது என்று புலம்புகிறார். பேட்டரி எடையும், மிதித்த நொடியிலேயே கிடைக்கும் இழுவையும் சேர்ந்தால் டயர் சீக்கிரம்தான் தேயும். கொஞ்சம் மெதுவாக மிதிக்கச் சொன்னேன், அதற்கா எலெக்ட்ரிக் வாங்கினேன் என்கிறார்.

நம்மூர் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தில் இழுப்பவை. திருப்புவதும் அதே முன் சக்கரம், பிரேக்கில் பெரும் பாரம் வாங்குவதும் அதுவே. அதனால் மாற்றிப் போடாவிட்டால் முன் ஜோடி முடியும்போது பின் ஜோடி பாதி புதுசாக நிற்கும். 8,000-லிருந்து 10,000 கி.மீ.க்குள் ஒரு தடவை மாற்றிப் போடுகிறேன். முன்னால் இருப்பவை நேராகப் பின்னால் போகும், பின்னால் இருப்பவை பக்கம் மாறி முன்னால் வரும். டயரின் பக்கத்தில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டும் மாற்ற வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவு என்றால் அதையும் சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்கையும் ஒன்றாக மாற்றக் கை கொடுக்கவில்லை, இரண்டுதான் வாங்க முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்காமலேயே முன்னால் மாட்டிவிடுவார்கள். நான் பின்னால் போடச் சொல்வேன். முதல் முறை சொன்னபோது கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். டயர் கம்பெனிகள் சொல்வதும் இதுதான். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். பின் சக்கரம் வழுக்கினால் வால் திரும்பி வண்டியே சுழலும், அதைச் சமாளிக்கும் ஓட்டுநர்கள் குறைவு. பிடி அதிகமுள்ள ஜோடி பின்னால் இருக்கட்டும்.

இனி அப்பாவின் கார். அதன் டயரில் பட்டன் 6 மி.மீ. சொச்சம் இருந்தது. அப்பாவுக்குத் திருப்தி, "வண்டி ஓடவே இல்லையே, டயர் எப்படிக் கெடும்?" என்பார். பக்கத்தில் 'டாட்' என்ற எழுத்தோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்தான் டயரின் பிறந்த தேதி. 2317 என்றால் 2017-ஆம் வருடத்தின் 23-வது வாரம். இந்தக் குறி சில டயரில் ஒரு பக்கம்தான் இருக்கும், அது உள்பக்கமாகப் போயிருந்தால் டார்ச் அடித்துத் தேட வேண்டும். அப்பா காரின் டயருக்கு ஏழு வயது முடிந்திருந்தது. வெயில், சூடு, காற்றில் உள்ள ஓசோன் மூன்றும் ரப்பரை இறுக்கி வெடிப்பு விடச் செய்பவை. இதைத் தடுக்க ரப்பரில் மருந்து கலந்திருப்பார்கள், டயர் ஓடி வளையும்போது அது மேல் பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். நின்றே கிடக்கும் டயரில் அந்த வேலை சரியாக நடக்காது. பகல் முழுக்கக் கொதிக்கும் தகரக் கொட்டகை வேறு.

பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தின் அடியில் நகத்தால் பிரித்துப் பார்த்தேன், முடி அளவு வெடிப்புகள் வரிசையாக ஓடின. பக்கச்சுவரிலும் அப்படியே. ரப்பரில் நகம் பதியவில்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால் அடிப்பக்கம் தட்டையாகி, எடுத்த முதல் சில கிலோமீட்டர் வண்டி தடதடத்தது. மழையில் பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடியதை அப்பாவே ஒப்புக்கொண்டார், "பிரேக் கட்டை பாக்கணும்" என்ற பெயரில். கட்டையில் ஒன்றுமில்லை. டயர் மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஐந்து வயதுக்கு மேல் வருடம் ஒரு முறை டயரைக் கழற்றி உள்ளும் புறமும் பார்க்கச் சொல்வதும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வயதில் மாற்றிவிடச் சொல்வதும் பெரிய டயர் கம்பெனிகளின் வழக்கம். ஆறு வயதிலேயே மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு. நம்மூர் வெயிலுக்கு நான் ஆறு, ஏழு வைத்துக்கொள்கிறேன். அப்பாவின் காரை இப்போது வாரம் ஒரு முறையாவது பள்ளப்பட்டி வரை ஓட்டி வரச் சொல்லியிருக்கிறேன். நெடுநாள் நிற்கப் போகிறதென்றால் காற்றை நாலைந்து பிஎஸ்ஐ கூட்டி வைத்து, இடத்தை அவ்வப்போது ஒரு அடி நகர்த்திவிடுவார்.

புதிது வாங்கும்போதும் அந்த நான்கு எண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். நிழலில் அடுக்கி வைத்த டயர் ஒரு வருடம் கடையில் இருந்ததால் ஒன்றும் ஆகாது. இரண்டைத் தாண்டினால் வேறு எடுத்து வரச் சொல்லிவிடுவேன். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, பாரக் குறியீடு பழைய டயரைவிடக் குறைந்துவிடவில்லையே என்பதும் முக்கியம். 2025 செப்டம்பரில் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதிகக் கிலோமீட்டர் ஓடும் என்று விற்கப்படும் டயர்களில் ரப்பர் கொஞ்சம் கடினமாக இருக்கும், ஈர ரோட்டில் பிடிமானம் அதற்கேற்பக் குறையக்கூடும். வெயில் ஊரில் நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் அது சரி, மலையும் மழையுமாக ஓடுபவர் யோசித்து வாங்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் டயர் வேண்டவே வேண்டாம். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டி, கறுப்பு பாலிஷ் அடித்து விற்கிறார்கள். அந்த வெட்டு சில இடத்தில் உள்ளிருக்கும் கம்பி வலை வரை போயிருக்கும். லாரி, பஸ் டயரை ரீட்ரேட் செய்து, அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி, ஓட்டுவது வேறு, அரசுப் போக்குவரத்துக் கழகங்களே அப்படித்தான் ஓட்டுகின்றன. அந்த டயரின் உடம்பு அதற்காகவே கனமாகக் கட்டப்பட்டது. கார் டயருக்கு அந்த உடம்பு கிடையாது.

கடைசியாக ஸ்டெப்னி. டிக்கிக்கு அடியில் ஐந்து வருடம் காற்றில்லாமல் கிடந்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு வெள்ளகோவில் தாண்டி எடுத்தால் அதுவும் சப்பையாக இருக்கும். மற்ற நான்கைப் பார்க்கும்போது அதையும் பாருங்கள், நாலு பிஎஸ்ஐ கூடுதலாகவே வைத்திருங்கள், தேதியையும் பாருங்கள். சின்ன அளவு ஸ்டெப்னி என்றால் அதன் மேல் ஒட்டியிருக்கும் வேக வரம்பை, பெரும்பாலும் 80 கி.மீ., தாண்டாதீர்கள், பஞ்சர் கடை வரும் வரைக்கும்தான் அது. புது கார்களில் சிலவற்றில் ஸ்டெப்னியே இருக்காது, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் கொடுத்தால் போதும் என்று 2020-லேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள். அப்படிப்பட்ட கார் உங்களுடையது என்றால், அந்தக் கிட்டில் இருக்கும் பசைக்கும் காலாவதி தேதி உண்டு. டிக்கியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.